இளங்குமணன் என்ன சொன்னான்?

சென்னையிலிருந்து மேற்கே பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அவ்வூரை அடைவதற்குச் சற்று முன்பாகக் குமணன்சாவடி என்றோர் இடம் இருக்கிறது. மாங்காடு வழியாகக் குன்றத்தூர் செல்லும் சாலை அங்கேதான் பிரிகிறது. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். இன்று அங்கே இளைப்பாறுவோர் எவரும் இலர். பேருந்துக்காகக் காத்து நிற்போரே பலர். சில வாரங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் அக்கூட்டத்தில் நானும் ஒருவனாக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அருகே இரண்டு மாணவர்கள் ஒரு பெண்ணைப் பற்றிக் கடுமையாக வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எங்கே போனாள், ஏன் போனாள், திரும்பி வந்தாளா என்பதே வழக்கு. ஏதோ குடும்பச் செய்தி போலும் என்று எண்ணி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெண் சப்பானியப் படக்கதை ஒன்றில் வருபவள் என்று.

என் முகத்தில் தோன்றிய வியப்பைக் கண்டு இளையவன், “ஐயா, ஒரு கதையில் வந்தவர் பாதியிலே காணாமற் போய்விட்டால் அது எழுதியவர் குற்றந்தானே? அண்ணன் இல்லை என்கிறான். நீங்கள் சொல்லுங்கள்” என்று என்னை நடுவராக்கிவிட்டான். நான் வாய் திறப்பதற்குள் பேருந்து வந்துவிட்டது. “குமணன்சாவடி! இறங்குபவர்கள் எல்லாம் இறங்குங்கள்!” என்று நடத்துநர் கூவினார். அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எனக்கு விடை நினைவுக்கு வந்தது. ஆனால் மாணவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல நினைத்ததை இன்று வானொலி வாயிலாக உங்களுக்குச் சொல்கிறேன்.

நேயர்களே, அம்மாணவர்கள் பேசிய கதை டிராகன் பால் என்பது. அகிரா தோரியாமா என்பவர் 1984 முதல் 1995 வரை ஒரு சப்பானிய வார இதழில் அதனை வரைந்து எழுதினார். அதில் லஞ்ச் என்றொரு பெண் வருகிறாள். தும்மினால் அவள் குணம் மாறிவிடும். சாதுவான பெண் துப்பாக்கி ஏந்திய முரடியாகி விடுவாள். மறுபடி தும்மினால் பழையபடி சாதுவாகி விடுவாள். படிப்போர் விரும்பிய பாத்திரம் அது. கதை வளர வளர அவள் வருவது குறைந்து, பின்பு அறவே மறைந்துபோனாள். காரணம் என்ன என்று கேட்டபோது, அவளை மறந்துவிட்டதாக ஆசிரியரே ஒப்புக்கொண்டார். வாரந்தோறும் இத்தனை பக்கம் என்று அச்சகம் கதவைத் தட்டும்போது, முன் வாரத்தில் யாரை எங்கே நிறுத்தினோம் என்பது மறந்துபோவது இயல்பே. தொடர்கதை எழுதுவோர் எந்நாட்டவராயினும் இந்த இடர் அவர்களுக்கு உண்டு.

எனினும் மறதி மட்டுமே காரணம் என்று கொள்வதற்கில்லை. ஒரு கதையின் இழை அறுந்து கிடப்பதற்குப் பலவகைக் காரணங்கள் இருக்கக்கூடும். அறுந்த இழையைக் கண்டதும் அதை முடிந்துவிட நம் கை துடிக்கிறது. கதையில் முடிந்துவிட்டால் குற்றமில்லை. வரலாற்றில் முடிந்துவிட்டால், இறந்துபோன ஒருவர் தலையில் பழி ஏறிவிடக்கூடும். நான் சொல்ல வந்தது இதுதான். குமணன் கதையிலிருந்தே தொடங்குவோம்.

குமணன்சாவடிக்கும் பழந்தமிழ் வள்ளல் குமணனுக்கும் பெயர் ஒன்றானதைக் கொண்டு நான் தலபுராணம் எழுதப்போவதில்லை. குமணனுடைய மலை முதிரம். அது உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் குதிரைமலையே என்று சொல்வாருண்டு. எப்படியாயினும் இந்தச் சாலையிலிருந்து நெடுந்தொலைவில் உள்ளது. பெயர் நினைவூட்டியது, அவ்வளவே.

புறநானூற்றின் 158 முதல் 165 வரையுள்ள எட்டுப் பாடல்களைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஒரு பெரிய தொடர்கதை உள்ளே மறைந்திருப்பதைக் காண்பீர்கள். முதலில் வருபவர் பெருஞ்சித்திரனார். பாரி முதலிய வள்ளல்கள் எழுவரும் மாய்ந்த பின்னர், இரப்போர்க்கு நீ இருக்கிறாய் என்று கேட்டு வந்தேன் எனக் குமணனிடம் அவர் கூறுகிறார். வீட்டில் முதிர்ந்த தாய் இருக்கிறாள், பசியால் வாடும் மனைவி இருக்கிறாள், குழந்தைகள் இருக்கின்றனர். இடையில் இளவெளிமான் என்றொருவன் புலவரின் தகுதி அறியாது சிறிது கொடுக்கிறான். புலவர் அதை வாங்காமல், குமணனிடம் பெற்ற யானையைக் கொண்டுவந்து அவனுடைய காவல்மரத்திலே கட்டிவிட்டுப் போகிறார்! வறுமையிலும் அத்தகைய செருக்கு. பின்பு வீடு திரும்பியதும் மனைவியை அழைத்து, குமணன் தந்த செல்வத்தை உன்னை விரும்பினார்க்கும் கொடு, நீ விரும்பினார்க்கும் கொடு, என்னைக் கேளாமலே கொடு, நாளைக்கென்று வைத்துக்கொள்ளாதே என்கிறார்.

அந்த மனைவியின் பெயர் என்ன? பாட்டில் இல்லை. இவ்வளவு செல்வம் கைக்கு வந்தபோது அவள் கொடுத்தாளா, சிறிதேனும் முடிந்து வைத்தாளா? அதுவும் இல்லை. பசித்த குழந்தைகளின் முகத்தை நாள்தோறும் பார்த்தவள் அவள்; புலவரோ ஊர் ஊராகச் சென்றவர். அவள் சிறிது எடுத்து வைத்திருந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

அடுத்த இரண்டு பாடல்களில் கதை தலைகீழாகிறது. புலவர் மாறுகிறார், இப்போது பெருந்தலைச் சாத்தனார். குமணன் நிலையும் மாறிவிட்டது. தம்பி இளங்குமணன் நாட்டைக் கவர்ந்துகொள்ள, அண்ணன் காட்டிலே இருக்கிறான். சாத்தனார் வீட்டு அடுப்பு சமைப்பதையே மறந்து காளான் பூத்துக் கிடக்கிறது. பாலின்றி வற்றிய முலையைச் சுவைத்த குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கிறது. தாய் கண்ணீரோடு கணவன் முகத்தைப் பார்க்கிறாள். கணவன் குமணனை நினைத்துக் காட்டுக்கு வருகிறார். கொடுக்க ஒன்றுமில்லாத குமணன் என்ன செய்தான்? நாட்டை இழந்ததைவிடப் பாடிவந்தவன் வறிதே திரும்புவது கொடிது என்று எண்ணித் தன் வாளைப் புலவர் கையிலே கொடுத்தான். தலையைக் கொய்துகொள்ளும் பொருட்டு! புலவர் தலையைக் கொய்யவில்லை. வாளை எடுத்துக்கொண்டு நேரே தம்பியிடம் போய், உன் அண்ணனைக் கண்டு வருகிறேன், அவன் தந்தது இது என்று காட்டிப் பாடுகிறார்.

அதுதான் 165ஆம் பாட்டு. அங்கே கதை நின்றுவிடுகிறது.

இளங்குமணன் என்ன சொன்னான்? வாளைப் பார்த்து அழுதானா? புலவரைச் சிறையில் இட்டானா? அண்ணனை அழைத்துவர ஆள் அனுப்பினானா? சாத்தனாரின் குழந்தைக்குப் பால் கிடைத்ததா? புறநானூறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம்பி நாட்டைக் கொண்டான் என்பதைக்கூடப் பாட்டின் அடியில் உள்ள குறிப்புக் கொண்டே நாம் தெளிவாக அறிகிறோம். பாட்டைப் பாடியவர் ஒருவர். குறிப்பைச் சேர்த்தவர் பிற்காலத்தவர். மாணவர்கள் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும்.

ஆனால் இந்தக் கதை உங்களுக்கு வேறுவிதமாகத் தெரிந்திருக்கும். தம்பி அண்ணன் தலைக்கு விலை வைத்தான். குமணன், தலையைக் கொண்டுபோய்த் தம்பி கையிற் கொடுத்து அதன் விலையைப் பெற்றுக்கொள் என்றான். புலவர் பொய்த்தலை ஒன்றைச் செய்து கொண்டு சென்றார். தம்பி மனம் உருகி நாட்டைத் திருப்பிக் கொடுத்தான் என்றெல்லாம் நம் பாட்டிமாரும் பள்ளிப் புத்தகங்களும் சொல்லியிருக்கின்றனர். தலைக்கு விலை என்னும் செய்தி புறநானூற்றுப் பாடலில் இல்லை. பிற்காலத் தனிப்பாடல் ஒன்றிலே வருவது. தம்பி மனம் மாறியது அதற்கும் பிற்பட்ட கற்பனையாகலாம். விட்டுப்போன இடத்தை ஒவ்வொரு காலத்தாரும் தங்கள் மனத்துக்கேற்ப நிரப்பியிருக்கின்றனர். அப்படி நிரப்பியதில் குமணன் மேலும் உயர்ந்தான். இளங்குமணனோ தமையன் தலைக்கு விலை பேசிய கொடியவனானான். அவன் நாட்டைக் கவர்ந்தது மெய்யாகவே இருக்கட்டும். செய்த குற்றத்துக்கு மேல் செய்யாத குற்றத்தையும் அவன் மேல் ஏற்றலாமா? அவனுக்காகப் பேச ஒரு புலவரும் இல்லை; ஒரு பாட்டும் இல்லை.

இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். பாட்டு நின்ற இடமெல்லாம் புலவர் நிறுத்திய இடம் ஆகாது. உ. வே. சாமிநாத ஐயர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். நானூறு பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. பழைய உரையோ முதல் 266 பாடல்களுக்கே உள்ளது. அங்கே கதையை அறுத்தது புலவரும் அல்லர், தொகுத்தவரும் அல்லர். செல்லும் ஈரமும் காலமுமே அறுத்தன. கரையான் தின்ற இடத்துக்கும் கவிஞன் விட்ட இடத்துக்கும் வேற்றுமை தெரியாமல் ஆராயப் புகுந்தால் ஏமாந்து போவோம்.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இழைகளை முடிவதில் இளங்கோவடிகளுக்கு இணையாகச் சிலரையே சொல்லலாம். கண்ணகி மறைந்த பின்பு மாடலன் என்னும் மறையவனை வஞ்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மாதரி தீயில் விழுந்து மாண்டதையும், கவுந்தியடிகள் உண்ணாநோன்பால் உயிர்விட்டதையும், கோவலன் பெற்றோர்க்கும் கண்ணகி பெற்றோர்க்கும் நேர்ந்ததையும், மாதவி துறவு பூண்டதையும் அவன் வாயால் ஒவ்வொன்றாகச் சொல்ல வைக்கிறார். அத்தகைய அடிகளே ஒருவனைத் தனித்து எடுத்துச் சொல்லாமல் விட்டுவிட்டார். கோப்பெருந்தேவியின் சிலம்பை மெய்யாகவே திருடிய பொற்கொல்லன் என்ன ஆனான்? கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று காப்பியம் சொல்கிறது. குற்றவாளி ஒருவன், பலியானவர் ஆயிரவர். அந்த ஒருவன் மதுரைத் தீயில் மடிந்தானா என்பது நம் ஊகத்துக்கே விடப்பட்டுள்ளது. அவன் ஒளித்துவைத்த முத்துச் சிலம்பு எங்கே? அதுவும் தெரியவில்லை. கோவலன் முகத்தைக் கண்டு, இவன் கொலைப்படத் தக்கவன் அல்லன் என்று தயங்கிய காவலர்களும் உண்டு. அத்தயக்கம் சற்று நீண்டிருந்தால் காப்பியமே இல்லை. பின்னர் அவர்களைப் பற்றியும் பேச்சில்லை.

இனிக் குமணன்சாவடியில் பிரியும் சாலை வழியே சிறிது தூரம் சென்று வருவோம். அச்சாலை செல்லும் குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். மறக்கப்பட இருந்தவர்களை மீட்டெடுத்தவர் என்று ஒருவரைத் தமிழ்நாட்டில் சுட்ட வேண்டுமானால், நான் அவரையே சுட்டுவேன். சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை பதினொரே பாட்டு. அடியார் ஒருவர்க்கு ஓர் அடி, அரை அடி என்று பெயரைச் சொல்லி வணங்கிக்கொண்டே போகிறார். பின்பு நம்பியாண்டார் நம்பி அவர்களுக்கு அந்தாதி பாடி, ஊரும் செயலும் சிறிது சேர்த்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அநபாயன் என்னும் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் சேக்கிழார் அதனைப் பெருங்காப்பியமாக விரித்தார். ஒற்றைப் பெயராக நின்றவர்கள் நடந்தார்கள், பேசினார்கள், அழுதார்கள்.

சேக்கிழாரிடம் நான் பெரிதும் மதிப்பது அவர் விரித்ததை அன்று; விரிக்காமல் நிறுத்திக்கொண்டதை. திருஞானசம்பந்தர்க்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் பாடியவர், சில அடியார்களுக்கு ஐந்தாறு, ஏழெட்டுப் பாடல்களோடு நின்றுவிடுகிறார். அவர் நினைத்திருந்தால் அவர்களுக்கும் ஆயிரம் கற்பித்திருக்கலாம். கை ஓடாத புலவரல்லர். தமக்கு வந்து சேர்ந்த செய்தி எவ்வளவோ அவ்வளவில் அவர் கையை அடக்கிக்கொண்டார் என்றே நான் கொள்கிறேன்.

சோழர் பேச்சு வந்துவிட்டது. கல்லூரி மாணவர்கள் என்னிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்விக்கு இப்போது வருகிறேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்?

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. ஐந்து பாகங்கள், மூன்றரை ஆண்டுகள். கடம்பூர் மாளிகையில் இளவரசன் கரிகாலன் இறந்து கிடக்கிறான். குத்திய கை இன்னாருடையது என்று ஐயமற விளங்காதபடியே ஆசிரியர் அதனை எழுதினார். கதை முடிந்ததும் நேயர்கள் பலர் மனநிறைவு கொள்ளவில்லை. இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று கேட்டவர்களுக்காகக் கல்கி ஒரு முடிவுரை எழுதி, முக்கியமானவர்களின் பின்வாழ்வைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. மாடலன் வேலையை ஆசிரியரே செய்தார் என்னலாம். அதுவும் போதாமல், விக்கிரமன் அக்கதையைத் தொடர்ந்து ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். 2022, 2023 ஆண்டுகளில் திரைப்படம் இரு பாகமாக வந்தபோது அதே கேள்வி மறுபடி வீடுதோறும் எழுந்தது.

நாவலாசிரியர் ஏன் மூடிவைத்தார்? வரலாறு மூடிவைத்திருந்தது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் கல்வெட்டு ஒன்று இராசகேசரி ஒருவனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. அவ்வரசன் முதலாம் இராசராசனே என்பது அறிஞர் பலரின் துணிபு. அவ்வாறாயின் ஆண்டு 987ஐ ஒட்டியதாகும். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று கல்வெட்டு வெளிப்படையாகச் சிலரைப் பெயர் சொல்லுகிறது. சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன். கதையில் வரும் இரவிதாசன் கற்பனையல்லன், கல்லிலே இருக்கிறான். நந்தினி கல்லில் இல்லை. அவள் கல்கியின் படைப்பு.

பட்டப்பெயர்களைக் கவனியுங்கள். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். இருமுடிச்சோழன் என்பது சோழர்க்குரியது. உடன்பிறந்தார் இருவருள் ஒருவன் பெயரில் பாண்டியச் சாயல், ஒருவன் பெயரில் சோழச் சாயல். வீரபாண்டியன் தலைகொண்டவன் கரிகாலன். ஆகவே பாண்டியர் பழிவாங்கினர் என்போர் முதற் பெயரைக் காட்டுகின்றனர். இல்லை, சோழ அரசிலே உயர் பதவி வகித்தவர்கள் இவர்கள். உள்ளிருந்தோர் தூண்டுதல் இல்லாமல் நடந்திராது என்போர் இரண்டாம் பெயரைக் காட்டுகின்றனர். ஒரே கல்; இரு தரப்பினர்க்கும் அதுவே சாட்சி!

கரிகாலன் இறந்தது 970ஐ ஒட்டி. அவனுக்குப்பின் அரசுகட்டில் ஏறியவன் தம்பி அருண்மொழி அல்லன். சிற்றப்பன் முறையினனாகிய உத்தம சோழன். அவன் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு ஆண்டான். கொலைகாரரின் உடைமைகளைப் பற்றிய கட்டளையோ அவனுக்குப் பின்வந்த இராசராசன் காலத்ததாகக் கிடைக்கிறது. உத்தமன் ஏன் வாளாவிருந்தான்? இந்த இடைவெளியைக் கண்டு நீலகண்ட சாஸ்திரியார் உத்தமனை ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். இருவரும் பேரறிஞர், இருவர் முன்னும் இருந்த சான்று ஒன்றே.

என் கருத்தைக் கேட்டால், உத்தம சோழனைக் குற்றக் கூண்டில் ஏற்ற இச்சான்று போதாது என்பேன். உடையார்குடிக் கல்வெட்டு கொலை வழக்கின் தீர்ப்பு அன்று. பறிமுதலான நிலத்தைப் பற்றிய ஆவணம். நிலம் கைமாறிய நாளே விசாரணை நடந்த நாள் என்று கொள்ள வேண்டியதில்லை. நிலவழக்குகள் எத்தனை ஆண்டு இழுக்கும் என்பது நம் நாட்டில் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதன்று. மேலும் உத்தமனின் அன்னை செம்பியன் மாதேவியார் இராசராசன் ஆட்சியிலும் பெருமையோடு இருந்து கோயில்களுக்குக் கொடை அளித்தார். உத்தமன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசனுடைய அதிகாரியாக இருந்து கோயிற் காரியங்களை ஆராய்ந்தான். இராசராசன் மகன் இராசேந்திரனுக்கும் மதுராந்தகன் என்பது பெயர். அது உத்தமனின் பெயருமாகும். தமையனைக் கொன்றவன் என்று கருதிய ஒருவனின் பெயரைத் தன் மகன் தாங்க எவன் விரும்புவான்?

எதிர்த்தரப்பார் இதற்கும் விடை கூறுவர். அரசியலில் முகமலர்ச்சி வேறு, அகம் வேறு என்பர். இருக்கலாம். நான் கூறுவது உத்தமன் தூயவன் என்று நிறுவுவது ஆகாது. பேசாமல் இருந்தான் என்பதையே குற்ற ஒப்புதலாகக் கொள்ளக்கூடாது என்பதுதான்.

நாம் மேலே கூறிய குமணன்சாவடி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே திருவாலங்காடு இருக்கிறது. அங்கே 1905இல் கிடைத்த இராசேந்திரனின் செப்பேடுகள் முப்பத்தொன்று. கரிகாலன் விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் சென்றான் என்று அவை மங்கலமாகச் சொல்லிவிட்டு, குடிகள் வேண்டியும் அருண்மொழி சிற்றப்பனுக்கு அரசில் விருப்பம் உள்ளவரை அதனை மனத்தாலும் விரும்பவில்லை என்கின்றன. கொலை என்ற பேச்சே இல்லை. அரசவைப் புலவர்க்கு எதை விடவேண்டும் என்பது தெரியும். இவ்விடத்தில் மறதி இல்லை, மறைப்பு இருக்கிறது.

யார் கொன்றார் என்ற கேள்வியில் மூழ்கியவர்கள் உடையார்குடிக் கல்வெட்டிலே மறந்துவிடும் மக்கள் சிலர் இருக்கின்றனர். அக்கட்டளை மூன்று பேரோடு நிற்கவில்லை. அவர்களுடைய மக்கள், மனைவியர், பெரியப்பன்மார், தாய்மாமன்மார், பெண் கொடுத்த மாமன்மார், அவர்கள் உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், அவர்கள் பெற்ற பெண்களை மணந்தவர்கள் என்று உறவுமுறை நீண்டுகொண்டே போகிறது. கொலையுண்டவன் பெயர் உண்டு, கொன்றவர் பெயர் உண்டு. நிலத்தை இழந்த இவர்களுக்கு முறைப்பெயர் மட்டுமே உண்டு. தங்கையை மணந்ததற்காக வீட்டை இழந்தவன் எந்த ஊருக்குப் போனான்? எந்தச் சாவடியில் இரவைக் கழித்தான்? எந்த நாவலாசிரியரும் அவனைத் தேடிப் போனதாக எனக்குத் தெரியவில்லை. உங்களுள் எழுத விரும்புவோர் யாரேனும் இருந்தால் கரிகாலனை விட்டு இவனை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனை என்று முகப்பிலேயே சொல்லிவிட்டு எழுதுங்கள், யாருக்கும் கேடில்லை.

கல்கி 1954 டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார். அப்போது அவர் எழுதிவந்த ‘அமரதாரா’ முடியாமல் நின்றது. அவருடைய மகள் ஆனந்தி, தந்தையார் விட்டுச் சென்ற குறிப்புகளின் துணைகொண்டு அதனை முடித்தார். இதற்கு நிகரான செய்தி ஒன்று சப்பானிலும் அண்மையில் நிகழ்ந்தது. பெர்செர்க் என்னும் நெடும் படக்கதையை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வரைந்துவந்த கென்தாரோ மியூரா 2021 மே மாதத்தில் இறந்துபோனார். கதை நடுவிலே நின்றது. அவருடைய பள்ளித் தோழரும் படக்கதை ஆசிரியருமான கோஜி மோரிக்கு, பல ஆண்டுகளுக்கு முன்னரே மியூரா கதையின் முடிவுவரை சொல்லியிருந்தார். மோரியின் மேற்பார்வையில், மியூராவிடம் பயின்ற ஓவியர்கள் 2022இல் கதையைத் தொடர்ந்தார்கள். அப்போது மோரி வாசகர்களிடம் ஒரு வாக்குறுதி தந்தார்: நண்பர் தம்மிடம் சொன்னவற்றை மட்டுமே எழுதுவதாகவும், தெளிவாக நினைவில்லாதவற்றையும் தாமாகத் தோன்றும் விளக்கங்களையும் சேர்ப்பதில்லை என்றும் கூறினார். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் குன்றத்தூர் நினைவுதான் வந்தது.

பேருந்து நிறுத்தத்தில் என்னைக் கேட்ட அந்தத் தம்பிக்கு என்ன விடை சொல்வது? லஞ்ச் என்னும் பெண்ணை மறந்தது தோரியாமாவின் குறையே. அவரே ஒப்புக்கொண்டதை நாம் ஏன் மறுக்க வேண்டும்? அவளுக்கு ஒரு முடிவு வேண்டுமானால் நீயே எழுதிக்கொள். அவள் தும்மி எழுந்து எங்கே போனாலும் வழக்குத் தொடுக்க மாட்டாள். ஆனால் இளங்குமணனை நீ விரும்பியபடி எழுதும்போது மட்டும், இது நான் எழுதியது, சாத்தனார் சொல்லியதன்று என்று ஒரு வரி சேர்த்துவிடு.

இந்தப் பேச்சுக்காகப் புறநானூற்றை மறுபடியும் எடுத்துப் புரட்டினேன். 165ஆம் பாட்டில் புலவர் வாளைக் காட்டி நிற்கிறார். விடை வரும் என்று பழக்கத்தால் அடுத்த பக்கத்துக்குப் போனேன். 166ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார் வேறோர் ஊரில், பூஞ்சாற்றூர்க் கௌணியன் விண்ணந்தாயன் செய்த வேள்வியைப் பாடத் தொடங்கிவிட்டார்.